ஜீப்பின் முன் செய்த பொருத்தனை

என் தங்கை பிறந்த கதையை எங்கள் சபையில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் அறுப்பின் பண்டிகை அன்று அப்பா எழுந்து நின்று அதை ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சியாகச் சொல்வார். அடைமழை. அம்மாவுக்கு வலி கண்டு ரத்தம் நிற்காமல் போகிறது. அவளை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து அடிவாரத்து ஆலங்காயத்துக்கு இறங்கும் ஜீப்புக்கு முன்னால், கொண்டை ஊசி வளைவில் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடக்கிறது. மற்ற ஆண்கள் மரத்தை வெட்ட, அப்பா சேற்றில் மண்டியிட்டுச் சொன்னாராம்: தாயும் பிள்ளையும் பிழைத்தால் அந்தப் பிள்ளை உமக்கு. அதற்குக் கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம், கடைசிவரை உம்முடைய ஊழியம்தான். இருவரும் பிழைத்தார்கள். இந்த இடத்தில் சபை மொத்தமும் ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லும். சின்ன வயதில் நானும் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன்.

ஆண்டவரே, நீர் இதைச் செய்தால் நான் இதைத் தருவேன் என்று வாக்குக் கொடுப்பதற்கு எங்கள் ஜனங்கள் பொருத்தனை என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஆலயத்துக்கு ஒரு விளக்கு, ஒரு சேவல், முதல் மூட்டை சாமை என்று ஆளாளுக்கு ஏதாவது பொருத்தனை செய்வார்கள். அப்பா ஆளையே கொடுத்துவிட்டார். அதில் அவருக்குப் பெருமைதான். சபையின் மூப்பர் அவர். அந்தச் சாட்சிதான் அவரை மூப்பராக்கியது என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆனால் அது உண்மை.

மலையில் எங்களைச் சுற்றி இருப்பவர்கள் இந்துக்கள். எங்கள் சொந்தத்திலேயே பாதிப்பேர் அப்படித்தான். சாமிக்கு நேர்ந்து ஒரு ஆட்டுக் கிடாயை விட்டுவிட்டால் அது யார் கொல்லையிலும் மேயலாம், ஒருவரும் விரட்டமாட்டார்கள். நன்றாகத் தின்று கொழுகொழுவென்று திரியும். திருவிழா வரைக்கும்தான் அந்த வாழ்வு. பள்ளிக்கூடத்தில் என் தங்கையை ‘நேந்து வுட்ட ஆடு’ என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் அவள் அழுதுகொண்டே வந்து, அது நிஜமா என்று அப்பாவிடம் கேட்டாள்.

“அவங்க வுடறது வேற, நான் குடுத்தது வேற. இந்தப் பேச்ச இன்னொரு தபா இந்த வூட்ல பேசக் கூடாது” என்றார் அப்பா.

பேசவில்லை. ஆனால் வீட்டில் எனக்கு விழுந்த அடியில் பாதிகூட அவளுக்கு விழுந்ததில்லை. பலாப்பழம் அறுத்தால் நல்ல சுளை அவளுக்கு. எனக்குப் பொறாமையாக இருக்கும். அம்மா அவளுக்குத் தலை பின்னும்போது பாதியில் கையை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது ஏன் என்று கேட்கும் புத்தி எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது.

நான் கல்யாணமாகி ஆலங்காயத்துக்கு வந்துவிட்டேன். தங்கை படித்து, வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊழியத்துக்கு உதவும் என்றுதான் அப்பா படிக்கவிட்டார். பிறகு ஒருநாள், பெண்களுக்கான ஊழியப் பயிற்சி இல்லம் ஒன்றில் இடம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். அங்கே சேருகிறவர்கள் திரும்பி வருவதில்லை. வெள்ளைப் புடவையோடு வடக்கே எங்காவது அனுப்பிவிடுவார்கள். அப்படி விருப்பத்தோடு போனவர்களை எனக்குத் தெரியும், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் தங்கை விருப்பத்தோடு போகிறவள் இல்லை.

“அக்கா, எனக்கு ஊழியத்துக்கு ஆண்டவரோட அழைப்பே இல்ல” என்று போனில் சொன்னாள். “தேடித் தேடிப் பாத்துட்டேன். மைக்ராஸ்கோப்ல கண்ண வெச்சுப் பாக்கறப்பதான் எனக்கு ஆண்டவர் கிட்ட கீற மாதிரி தெரியுது. இத போய் நைனாகிட்ட எப்படிச் சொல்றது?”

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவிடம், ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லி அவள் கேட்டாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தது.

முதலில் எங்கள் போர்வெல் வற்றியது. அதுவரை வற்றாத போர். பிறகு காலையில் பால் கொடுத்த மாடு சாயங்காலம் வாயில் நுரை தள்ளிச் செத்தது. எங்கள் கொல்லை மேட்டிலிருந்த புளியமரத்தில் இடி விழுந்து நடுவில் இரண்டாகப் பிளந்தது, அதே மேட்டில் இருந்த மற்ற மரங்களுக்கு ஒன்றுமில்லை. அப்பா யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒவ்வொன்று நடந்ததும் தங்கைக்குப் போன் செய்து, “மாடு செத்துப்போச்சும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். மலையில் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. அதைச் சொல்வதற்காக மேடேறிப் போய் நின்று பேசுவார்.

அப்புறம் அம்மாவின் கால் வீங்கியது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. வேலூரில் காட்டினோம். இருதய வால்வு கெட்டிருக்கிறது, ரொம்ப நாளாகவே கெட்டிருந்திருக்கும், ஆபரேஷன் தாங்கும் உடம்பு இல்லை, மாத்திரையில் பார்ப்போம் என்றார் டாக்டர். ரொம்ப நாளாகவே என்று அவர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்பா காதில் அது ஏறவே இல்லை. அந்த முறை அவர் தங்கைக்குப் போன்கூடச் செய்யவில்லை. அவளாகவே வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்து சேர்ந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லை. அம்மா இருமினால் இவள் உடம்பு தூக்கிப்போடும்.

எனக்கும் பயம்தான். வெளியில் வீறாப்பாகப் பேசினேனே தவிர, பஸ்ஸில் மலையேறும்போதெல்லாம் வீட்டில் இன்று என்ன காத்திருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே போவேன். ஒருவேளை அப்பா சொல்லாமல் சொல்வது சரியாக இருந்தால்? கொடுத்த வாக்கை நிறைவேற்றத் தாமதிக்காதே என்று வேதத்தில் இருக்கத்தானே செய்கிறது?

அதே வேதத்தை வைத்தே அப்பாவை மடக்குவது என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஒரு வழக்கம் உண்டு. வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு வசனமாகச் சுற்றி வரும். வெளியூரிலிருந்து வந்திருப்பவர் எந்த அதிகாரம் வாசிப்பது என்று சொல்லலாம். அப்பா எதையும் விலக்கமாட்டார். இனிக்கிற வசனத்தை மட்டும் பொறுக்கித் தின்கிறவன் விசுவாசியே இல்லை, கசக்கிறதையும் விழுங்க வேண்டும் என்பது அவர் எங்களுக்கு வைத்த சட்டம். அன்றைக்கு நான், பழைய ஏற்பாட்டில் ஜனங்களுக்குத் தலைவனாயிருந்த நியாயாதிபதி ஒருவனின் கதை வரும் அதிகாரத்தைச் சொன்னேன். போரில் ஜெயித்தால் என் வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலியாகக் கொடுப்பேன் என்று பொருத்தனை செய்தவன் அவன். ஜெயித்துத் திரும்பும்போது, ஆடிப்பாடிக்கொண்டு முதலில் வெளியே வந்தது அவனுடைய ஒரே மகள்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். வெளியே காற்று ஓட்டுக்கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் வாசித்தேன், அப்பா வாசித்தார், அம்மா எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தாள். அந்த மகள் தகப்பனுக்குப் பதில் சொல்லும் இடம் தங்கைக்கு வந்தது. நீர் வாய்திறந்து சொன்னபடியே எனக்குச் செய்யும் என்று அவள் சொல்லும் இடம். தங்கை குரல் நடுங்காமல் வாசித்தாள்.

முடிந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் உடைந்துபோவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

“பாத்தியா?” என்றார் என்னிடம். “அந்தப் பொண்ணு மாட்டேன்னு சொல்லல.”

நான் தேடிக் கொண்டுவந்த கத்தியை அவர் சாவகாசமாக வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். தங்கை தலையை நிமிர்த்தி, “நானும் சொல்லல நைனா. அறுப்பின் பண்டிகைக்கு என்னப் பிரதிஷ்டை பண்ணிடுங்க. அம்மா நல்லா ஆவட்டும்” என்றாள்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

“இதுல அந்தப் பொண்ணோட அம்மா எங்க?” என்றாள். “இன்னா சொன்னா அவ? ஒண்ணும் எழுதலியே?”

அப்பா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அன்னிக்கு ஜீப்புல கெடந்தது நானு. எனக்கு நெனவு இருந்துச்சு. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அப்பா விளக்கைச் சின்னதாக்கிவிட்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு ஜெபம் முடிக்காமலே எழுந்தோம். என் நினைவில் அந்த வீட்டில் அப்படி நடந்ததில்லை.

மறுநாள் ஆலங்காயம் திரும்பியதும் நேராகப் போதகர் வீட்டுக்குப் போனேன். ஆலங்காயத்தில் குடியிருந்துகொண்டு மலைக்கு வந்துபோகிறவர் அவர். நல்ல மனிதர், ஆனால் அப்பா இருமினால்கூட ஆமென் சொல்கிறவர். பண்டிகை அன்று என் தங்கையைப் பிரதிஷ்டை செய்து ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கப்போவது அவர்தான். அந்த நியாயாதிபதி அதிகாரத்தைப் பற்றி நீங்கள் ஏன் ஒருநாளும் பிரசங்கம் செய்ததில்லை என்று கேட்டேன்.

“அது கஷ்டமான பகுதிம்மா” என்றார்.

“கஷ்டம்னுதான் உங்ககிட்ட வந்தேன் ஐயா. சுலபமா இருந்தா நானே பாத்துக்குவேனே.”

அவர் உள்ளே போய்த் தன் வேதப்புத்தகத்தை எடுத்துவந்து, பலிகளைப் பற்றிய சட்டங்கள் வரும் பகுதியைப் பிரித்தார். வருஷத்துக்கு ஒருமுறை முழுவேதமும் வாசிக்கிறவர்கள்கூட வேகமாகத் தாண்டிப்போகும் பகுதி. ஒருவன் யோசிக்காமல் வாயைத் திறந்து ஆணையிட்டுவிட்டால், அது பிறகு அவனுக்கு உறைத்தால், இன்னதில் நான் பாவம் செய்தேன் என்று அவன் வாய்விட்டு அறிக்கை செய்ய வேண்டும் என்று அங்கே இருந்தது. நான் அதை மறுபடி மறுபடி வாசித்தேன்.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். வருஷா வருஷம் உங்க அப்பா சாட்சி சொல்றப்ப இந்த வசனம் எனக்கு ஞாபகம் வரும். ஆனா எழுந்து நின்னு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கேன். இத நான் சொன்னா அவரு சபைய ரெண்டாக்கிடுவாரும்மா. பொண்ண வேணும்னாலும் குடுப்பாரு, சாட்சியக் குடுக்கமாட்டாரு. நீ மக, நீ காட்டிப் பாரு.”

எனக்கு வந்த கோபத்தில் அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தாலும் அவர் சொன்னது சரி என்று பட்டது.

பண்டிகைக்கு முந்தின வாரம் மலையில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கொல்லையில் அப்பா குனிந்து கதிர் அறுத்துக்கொண்டிருக்க, நான் வரப்பில் நின்று அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அரிவாள் நிற்கவில்லை. நான் முடித்த பிறகும் அறுத்துக்கொண்டே போனார். அவர் பின்னாலேயே நானும் போனேன்.

“என் சாட்சி பொய்ங்கிறியா?”

“பொய்யின்னு சொல்லல நைனா. உன்னுது இல்லாத ஒரு உசுர நீ தூக்கிக் குடுத்துட்ட. அது பாவம்னு எழுதியிருக்குது.”

“இத்தன வருஷம் சபை முன்னாடி சொன்னத, அது பாவம்னு என் வாயால சொல்லணுமா?”

“கசக்கறதையும் முழுங்கணும்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நீதானே?”

அவர் நிமிர்ந்தார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த முகத்தில் கோபம் இல்லை. இவ்வளவு பயந்துபோன அப்பாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

“நான் சொல்லி, உங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?”

ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவர் அப்போதே ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் அப்படி எந்த வசனமும் இல்லை.

“அதுக்கு வாக்கு ஒண்ணும் இல்ல நைனா” என்றேன். “சொல்லணும்னு மட்டும்தான் இருக்குது.”

அவர் மறுபடி குனிந்துகொண்டார். பண்டிகை வரை என்னோடு பேசவில்லை.

பண்டிகை அன்று ஆலயத்துக்குள் சாமைக் கதிரும் பலாவும் பூசணியும் குவிந்து கிடந்தன. கட்டிவைத்த சேவல்கள் பாட்டுக்கு நடுவில் கூவின. தங்கை வெள்ளைப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் தோளில் சாய்ந்திருந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது. போதகர் என் பக்கம் பார்ப்பதைக் கவனமாகத் தவிர்த்தார். சாட்சி நேரம் வந்ததும் அப்பா எழுந்தார்.

அடைமழை என்றார். ஜீப் என்றார். குறுக்கே விழுந்த மரம் என்றார். அதே வார்த்தைகள், அதே வரிசை. முடிந்தது, போய்விட்டாள் என்று நினைத்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று அவர் சொன்னதும் சபை வழக்கம்போல ஸ்தோத்திரம் சொன்னது.

“ஸ்தோத்திரம் சொல்லாதீங்க” என்றார் அப்பா.

சேவல் ஒன்று சிறகடித்தது.

“நான் பயந்துட்டேன். பயத்துல என் பொண்ணத் தூக்கி நடுவுல வெச்சு ஆண்டவர்கிட்ட பேரம் பேசினேன். அந்த உசுரு என்னுது இல்ல. அவளக் கேக்கல, அவங்கம்மாவயும் கேக்கல. இத இத்தன வருஷம் உங்க முன்னாடி பெருமையா சொல்லிகினு இருந்தேன். அது பாவம். வேதத்துல அப்படித்தான் எழுதியிருக்குது. எனக்குப் புடிக்கல, ஆனா அப்படித்தான் எழுதியிருக்குது.”

உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. தங்கை தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். போதகர் எழுந்து ஏதோ ஜெபிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வழக்கமாக அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்குகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் தன் பிள்ளையை எங்கள் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள். இடி விழப்போகும் இடத்தில் நிற்கிறவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்கள். தங்கை அடுத்த வாரம் வேலூருக்குப் போய் மறுபடி வேலையில் சேர்ந்தாள்.

அம்மா பனிக்காலத்தைத் தாண்டவில்லை. விடியற்காலையில் வெந்நீர் கேட்டாள். கொண்டுபோவதற்குள் போய்விட்டாள்.

இதை எழுத எனக்கு இன்னும் கை வரமாட்டேன் என்கிறது. உண்மையை ஒப்புக்கொண்டால் கதை நல்லபடியாக முடிய வேண்டும் என்று எனக்குள்ளும் ஒரு ஆசை இருந்திருக்கிறது. அம்மா பிழைத்திருந்தால் நானே சபையில் எழுந்து நின்று இன்னொரு சாட்சி சொல்லியிருப்பேன். ஜனங்களும் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்கள்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தது. மலையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததை என் அத்தை, அப்பாவின் அக்கா, வாய்விட்டுச் சொன்னாள்.

“நேந்தத நேந்தபடி குடுத்திருந்தா அவ இருந்திருப்பா. இன்னும் எத்தினி பேரு போவணும்? இப்பவாச்சும் இவள அனுப்பிடு தம்பி.”

யாரும் அத்தையை அதட்டவில்லை. எல்லோருடைய கண்ணும் அப்பா மேல் இருந்தது. தங்கை எழுந்து உள்ளே போனாள். தன் துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். அது வேலூர் போகும் பை இல்லை, ஊழியப் பயிற்சி இல்லத்துக்குப் போகும் பை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்பா சரி என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், போய்விடுவாள். அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் அந்த நிமிஷம்வரை தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அவர் எழுந்துபோய் அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார்.

“பாவம்னு நான் சொன்னப்ப அவ உசுரோட இருந்தா” என்றார் அத்தையிடம். “இப்ப அவ செத்துட்டான்றதுக்காக அது புண்ணியமா ஆயிடுமா அக்கா?”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அப்படியே படியில் உட்கார்ந்து, அன்றைக்கு முதல்முறையாக, சத்தம்போட்டு அழுதார்.